ஆட்களிடம் ஆய்வு செய்யப் போகிறீர்களா? கொழும்பில் நெறிமுறை அனுமதி எடுப்பதும் அதன் பிறகு நடந்துகொள்வதும்

இறுதியாண்டு ஆய்வு, முதுமாணி ஆய்வு, வைத்தியர்களின் பயிற்சி ஆய்வு, தொண்டு நிறுவனத்துக்கான கள ஆய்வு எதுவாக இருந்தாலும் முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். மனிதரிடம் செய்யும் ஆய்வுகளை முன்கூட்டியே பார்த்து அனுமதி தருவது நெறிமுறை மீளாய்வுக் குழு. அதன் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் எடுத்த தரவுக்குப் பின்னால் அனுமதி கிடைக்காது. "பத்துப் பேரிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்று அந்தப் பத்தையும் ஆய்வில் சேர்த்தால் முழு வேலையும் கேள்விக்குள்ளாகும். அனுமதி இலக்கம் இல்லாத கட்டுரையைச் சஞ்சிகைகள் திருப்பி அனுப்பிவிடும். இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. உங்களுக்குப் பதில் சொல்கிறவர் தன் நேரத்தையும், நோயையும், வீட்டு விஷயத்தையும் உங்கள் கையில் தருகிறார். அதை எப்படி வைத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே யோசித்து எழுதிக் காட்டுவதுதான் இந்த விண்ணப்பம்.

கீழே உள்ளதை வரிசையாகச் செய்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

1. அனுமதி வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

"நான் ஊசி போடவில்லை, இரத்தம் எடுக்கவில்லை, கேள்விக்கொத்து மட்டும்தானே" என்பது அடிக்கடி கேட்கிற பேச்சு. கேள்விக்கொத்து, நேர்காணல், குழுக் கலந்துரையாடல், வட்ஸ்அப்பில் பகிரும் கூகுள் ஃபோம் எல்லாமே மனிதரிடம் செய்யும் ஆய்வுதான். ஆளையே சந்திக்காமல், ஆஸ்பத்திரியில் கட்டில் சீட்டையும் கிளினிக் கொப்பியையும் பார்த்துத் தகவல் எடுப்பதும் அப்படித்தான். அந்த வகையில் ஒவ்வொரு நோயாளியிடமும் சம்மதம் வாங்குவதிலிருந்து குழு உங்களுக்கு விலக்குத் தரலாம். ஆனால் விலக்குத் தருவது குழு. நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது.

மீளாய்வு பொதுவாக மூன்று விதம். ஆபத்தே இல்லாதவற்றுக்கு விலக்கு, ஆபத்து மிகக் குறைந்தவற்றுக்கு ஓரிரு உறுப்பினர் பார்க்கும் துரித மீளாய்வு, மற்றவற்றுக்கு முழுக் கூட்டம். எதில் விழும் என்பதைக் குழு முடிவு செய்யும். சிறுவர், கர்ப்பிணிகள், மனநோய் உள்ளவர்கள், கைதிகள், வன்முறைக்கு ஆளானவர்கள் சம்பந்தப்பட்டால் முழுக் கூட்டத்துக்குத்தான் போகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

2. எந்தக் குழுவிடம் போவது

கொழும்பில் குழுக்கள் பல. கின்சி வீதியில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு ஒன்று, விஜேராம மாவத்தையில் இலங்கை மருத்துவச் சங்கத்துக்கு ஒன்று. தேசிய வைத்தியசாலை, மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை ஆகியவற்றுக்கும் தனித்தனியே உண்டு. நகரத்துக்குச் சற்று வெளியே ஸ்ரீ ஜயவர்தனபுர, களனிப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்கள் இருக்கின்றன.

யார் விண்ணப்பிக்கலாம் என்ற தகுதி குழுவுக்குக் குழு மாறும். ஆகவே படிவம் நிரப்புமுன் குழுவின் செயலாளர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஆய்வு என்ன, யாரிடம், எங்கே, நீங்கள் எந்த நிறுவனம் என்று நாலு வரி போதும். சமூக விஞ்ஞான மாணவர்கள் தங்கள் பீடத்தில் தனிக் குழு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லாவிட்டால் மேற்பார்வையாளரின் நிறுவனம் எங்கே அனுப்புகிறதோ அங்கே.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒரு குழு மறுத்ததை மறைத்து இன்னொரு குழுவுக்கு அனுப்பாதீர்கள். முன்னர் எங்காவது சமர்ப்பித்தீர்களா என்ற கேள்வி படிவத்திலேயே இருக்கும், குழுக்கள் தங்களுக்குள் தொடர்பிலும் இருக்கின்றன. மற்றது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு இங்கே தரவு எடுக்க வருகிறவர்களுக்கு. அங்கே கிடைத்த அனுமதி இங்கே போதாது. உள்ளூர் குழுவின் அனுமதியும், இங்குள்ள ஓர் ஆய்வாளரோ மேற்பார்வையாளரோ பொறுப்பேற்பதும் வேண்டும்.

3. கோப்பைச் சேர்ப்பது

ஒவ்வொரு குழுவுக்கும் தனிச் சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. அதை இறக்கி அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பெரும்பாலும் கேட்பவை இவை:

- தலைவருக்கு முகவரியிட்ட முகப்புக் கடிதம், விண்ணப்பப் படிவம்
- ஆய்வு முன்மொழிவு, மாதவாரியான கால அட்டவணை, செலவுத் திட்டம்
- கேள்விக்கொத்து அல்லது நேர்காணல் வழிகாட்டி, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும்
- தகவல் தாளும் சம்மதப் படிவமும், மூன்று மொழியிலும்
- ஆய்வாளர், மேற்பார்வையாளர் எல்லோரது சுயவிவரமும் கையொப்பமும்
- ஆட்களைச் சேர்க்க ஒட்டும் சுவரொட்டி, வட்ஸ்அப் செய்தி, தொலைபேசியில் பேசப்போகும் வசனம்
- களம் சார்ந்த நிறுவனங்களின் கடிதங்கள்
- பணம் கட்டிய வங்கிச் சீட்டு

கடைசிக்கு முந்தியதற்கு முந்தியது பலருக்கு மறந்துபோகிறது. ஆள் சேர்க்கும் வட்ஸ்அப் செய்தியும் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய ஆவணம்தான்.

முன்மொழிவில் "நெறிமுறை" என்ற தலைப்பின் கீழே ஹெல்சிங்கிப் பிரகடனம் (மனிதரிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைகள்) என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பழைய ஆய்வுக் கட்டுரையில் இருந்து எடுத்து ஒட்டுவதால் 2013 பதிப்பு என்றே இன்னமும் வருகிறது. 2024 ஒக்டோபரில் புதிய பதிப்பு வந்துவிட்டது. பிரகடனத்தின் பெயரை எழுதுவதைவிட, உங்கள் ஆய்வில் யாருக்கு என்ன சங்கடம் வரக்கூடும், வந்தால் என்ன செய்வீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். குழு தேடுவது அதைத்தான். குழுவில் வைத்தியர் மட்டும் இருப்பதில்லை. சட்டம் தெரிந்தவர், துறைக்கு வெளியே உள்ள சாதாரண ஆள் என்று பலரும் இருப்பார்கள். ஆகவே சுருக்கத்தை அவர்களுக்கும் விளங்குகிற விதமாக எழுதுங்கள்.

மருந்து அல்லது சிகிச்சை பரீட்சிக்கும் ஆய்வென்றால் கதை வேறு. அதற்கு நன்மருத்துவ ஆய்வு நடைமுறை (Good Clinical Practice) பற்றிய சான்றிதழ் வேண்டும். இணையத்தில் இலவசமாகவே படித்து எடுக்கலாம். இலங்கை மருத்துவப் பரீட்சார்த்தப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்க்கும் முன்னரே பதிய வேண்டும். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் பார்க்க வேண்டும். புதியவர்கள் இதில் தனியாக இறங்க வேண்டாம்.

4. தமிழ்த் தகவல் தாள்: அதிகம் தவறுவது இங்கேதான்

வழக்கமாக நடப்பது இது. ஆங்கிலத்தில் தகவல் தாள் எழுதப்படும். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது மொழிபெயர்க்க ஒருவரிடம் கொடுக்கப்படும், அல்லது கணினியிடம். வருகிற தமிழ் வர்த்தமானி அறிவித்தல்போல் இருக்கும். கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மாவிடம் அதை நீட்டினால் அவர் படிக்க மாட்டார். "எங்க மிஸ் கையெழுத்து வைக்கணும்?" என்றுதான் கேட்பார். அந்தக் கையெழுத்து சம்மதம் ஆகாது.

ஒரு வசனத்தை எடுத்துப் பார்ப்போம். இப்படித்தான் பொதுவாக எழுதப்படுகிறது:

"இவ்வாய்வில் பங்குபற்றுதல் முற்றுமுழுதாகத் தன்னார்வ அடிப்படையிலானதாகும். பங்குபற்றுநர் எச்சந்தர்ப்பத்திலும் எதுவித பாதிப்புமின்றி ஆய்விலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைக் கொண்டுள்ளார்."

இப்படி எழுதலாம்:

"இதில் சேர்வதும் சேராமல் விடுவதும் உங்கள் விருப்பம். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று கேட்க மாட்டோம். நீங்கள் சேராவிட்டாலும் இந்தக் கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கும் மருந்தும் கவனிப்பும் குறையாது."

இரண்டாவதில் "பாதிப்பு" என்ற பொதுச் சொல் இல்லை. கிளினிக்கில் மருந்து குறையுமோ என்பதுதான் அந்த ஆளின் உண்மையான பயம், அதற்குப் பதில் இருக்கிறது. பாடசாலையில் செய்யும் ஆய்வென்றால் அந்த வரியில் புள்ளியும் தவணை அறிக்கையும் வர வேண்டும். தொழிற்சாலையில் என்றால் சம்பளமும் வேலையும்.

சில சொற்கள் கொழும்பில் வேறு நினைவுகளைக் கிளப்பும். "விசாரணை" என்றால் பொலிஸ். "பதிவு" என்பதும் வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்தவர்களுக்குப் பொலிஸ் பதிவைத்தான் நினைவூட்டும். குரலைப் பதிவு செய்வோம் என்று எழுதுவதைவிட "நீங்கள் பேசுவதை ஃபோனில் ரெக்கோர்ட் பண்ணுவோம்" என்று சொன்னால் யோசனையின்றி விளங்கும். "நேர்காணல்" வேலைக்கோ விசாவுக்கோ போவதுபோல் கேட்கும், "பேச்சு" போதும். "பரிசோதனை" என்றால் இரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்று நினைப்பார்கள். "இரகசியம் பேணப்படும்" என்பதைவிட "உங்கள் பெயர் வெளியில் வராது" என்பது தெளிவு. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிப்பதாக இருந்தால் "குலுக்கிப் போட்டுப் பிரிப்போம், யார் எந்தப் பக்கம் என்று நாங்கள் தீர்மானிப்பதில்லை" என்று எழுதுங்கள்.

கொழும்பின் தமிழ் ஒரே தமிழ் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர், மருதானையிலும் கொம்பனித்தெருவிலும் தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம், இந்தியத் தமிழ் பேசும் வியாபாரக் குடும்பம் எல்லோரும் அந்தத் தாளைப் படிப்பார்கள். "தோட்டம்" என்றால் மலையகத்தவருக்குத் தேயிலைத் தோட்டம், கொழும்பில் நெருக்கமாக வீடுகள் உள்ள குடியிருப்பு. "தோட்டத்தில் வசிக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக ஆம் என்பார்கள். இதனால் தரவும் கெடும்.

செய்ய வேண்டியது: ஒருவர் தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பட்டும். இரண்டு ஆங்கிலத்தையும் வைத்துப் பொருள் மாறிய இடங்களைத் திருத்துங்கள். பிறகு ஐந்தாறு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள், ஒரே சமூகத்து ஆட்களாக இல்லாமல். வாசித்ததும் "விளங்கியதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஓம் என்பார்கள். "இப்ப நான் என்ன செய்யப்போறன் என்று உங்கட வாயால சொல்லுங்கோ" என்று கேளுங்கள். தடுக்கிய இடம்தான் திருத்த வேண்டிய இடம். இந்த வாசிப்பில் அவர்களுடைய சொந்தத் தகவல் எதையும் எழுதி எடுக்காதீர்கள். தாளைச் சோதிக்கிறீர்கள், ஆய்வை இன்னும் தொடங்கவில்லை.

தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் வர வேண்டியவை: யார் செய்வது, எதற்காக, ஏன் உங்களைக் கேட்கிறோம், எவ்வளவு நேரம், என்ன அசௌகரியம் வரலாம், உங்களுக்கு நேரடியாக நன்மை உண்டா (இல்லையென்றால் இல்லை என்று நேராக எழுதுங்கள்), செலவுக்கு என்ன தருவோம், பெயரை எப்படி மறைப்போம், எத்தனை வருடம் வைத்திருப்போம், எந்தத் திகதி வரை உங்கள் பதில்களைத் திருப்பி எடுக்கலாம், ஆய்வாளரின் தொலைபேசி, முறைப்பாடு இருந்தால் அழைக்கக் குழுவின் தொலைபேசி. ஆய்வாளருடைய சொந்த எண்ணைக் கொடுக்காமல் ஆய்வுக்கென்று தனி சிம் ஒன்று எடுப்பது நல்லது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் திகதியும் போடுங்கள். சிங்களத்தில் பதிப்பு 3, தமிழில் பதிப்பு 2 என்று கிடந்தால் கோப்பு திரும்பி வரும். அது வெறும் எழுத்து வேலையும் அல்ல. ஆங்கிலத்தில் திருத்திய ஒரு பாதுகாப்பு வரி தமிழ் பேசுகிறவருக்கு மட்டும் போய்ச் சேராமல் விடுபடுவது அப்படித்தான் நடக்கிறது.

5. மற்றைய கதவுகள்

நெறிமுறை அனுமதி உள்ளே போகும் அனுமதி அல்ல. ஆஸ்பத்திரியென்றால் பணிப்பாளரும் வாட்டுக்குப் பொறுப்பான விசேட வைத்திய நிபுணரும் சம்மதிக்க வேண்டும். கொழும்பு மாநகர எல்லைக்குள் உள்ள தாய் சேய் நிலையங்களுக்கு மாநகரசபையின் பிரதம மருத்துவ அதிகாரி. மாநகர எல்லைக்கு வெளியே பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம். அரசாங்கப் பாடசாலை என்றால், தேசிய பாடசாலைக்குப் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு, மாகாணப் பாடசாலைக்கு மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயக் கல்வி அலுவலகமும், எல்லாவற்றுக்கும் மேலாக அதிபர்.

இங்கே ஒரு முடிச்சு விழும். நிறுவனம் "குழுவின் அனுமதியைக் கொண்டு வாருங்கள்" என்னும், குழு "நிறுவனத்தின் கடிதத்தைக் கொண்டு வாருங்கள்" என்னும். வழி இதுதான்: "நெறிமுறை அனுமதி கிடைத்தால் எமக்கு ஆட்சேபனை இல்லை" என்ற நிபந்தனைக் கடிதம் ஒன்றை நிறுவனத்திடம் கேளுங்கள். வசனத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டு போனால் கையொப்பம் அன்றே கிடைக்கக்கூடும், எழுதித் தரச் சொன்னால் வாரக்கணக்கில் இழுபடும்.

நிறுவனத் தலைவர் சம்மதித்தால் உள்ளே இருப்பவர்கள் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிபர் "எல்லாப் பிள்ளையளும் செய்வினம்" என்று சொன்னாலும் ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியே கேட்க வேண்டும்.

6. காலமும் காசும்

பல குழுக்கள் மாதம் ஒருமுறை கூடும். சமர்ப்பிக்கும் கடைசித் திகதி கூட்டத்துக்குச் சில வாரம் முன்னதாக இருக்கும். அந்தத் திகதியை ஒரு நாள் தவறவிட்டால் ஒரு மாதம் போகும். திருத்தம் கேட்டு வந்து, நீங்கள் திருத்தி அனுப்பி, மறுபடி பார்த்து முடிய, கோப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று கணக்குப் போடுங்கள். முன்னதாக வந்தால் இலாபம். தமிழ் சிங்களப் புத்தாண்டு வரும் ஏப்ரலும் டிசம்பர் கடைசியும் மெதுவான காலங்கள். பாடசாலை ஆய்வாளர்கள் புலமைப்பரிசில், சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களை முதலே நாட்காட்டியில் அடித்துவிடுங்கள். அனுமதி கையில் இருந்தாலும் அந்த வாரங்களில் அதிபர் உள்ளே விடமாட்டார்.

மீளாய்வுக் கட்டணம் குழுவுக்குக் குழு மாறும். மாணவருக்குக் குறைவு, நிதியுதவி பெறும் ஆய்வுக்குக் கூட, மருந்துக் கம்பனி ஆய்வுக்கு மிகக் கூட. கணக்கிலக்கத்தையும் தொகையையும் விண்ணப்பிக்கும் அதே வாரத்தில் சரிபாருங்கள், கடந்த வருடத் தொகையை நம்பாதீர்கள். வங்கிச் சீட்டின் பிரதியைக் கோப்பில் வைத்து மூலத்தை நீங்கள் வைத்திருங்கள்.

அச்சுச் செலவைத்தான் பலர் கணக்கில் விடுகிறார்கள். 150 பேர், இரண்டு பக்கத் தகவல் தாள், ஒரு பக்கச் சம்மதப் படிவம் இரண்டு பிரதி (ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு), ஆறு பக்கக் கேள்விக்கொத்து. ஆளுக்குப் பத்துப் பக்கம், மொத்தம் 1,500 பக்கம். யார் எந்த மொழி கேட்பார்கள் என்று முன்னரே தெரியாததால் சிங்களத்திலும் தமிழிலும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக அடிக்க வேண்டும். இதோடு இருவழி மொழிபெயர்ப்புக் கூலி, கள உதவியாளர் கூலி, பங்குபற்றுபவர்களின் பயணச் செலவு.

பங்குபற்றுபவருக்குக் கொடுப்பது பற்றி: பஸ் காசு, தேத்தண்ணி, இழந்த அரை நாள் கூலிக்கு நியாயமான ஈடு, இவை சரி. அந்தத் தொகைக்காகவே ஓராள் விருப்பமில்லாததற்குத் தலையாட்டும் அளவு பெரிதாக இருந்தால் தவறு. "பங்குபற்றுவோரில் ஒருவருக்கு ஸ்மார்ட்ஃபோன்" என்ற குலுக்கலையும் நான் ஏற்கமாட்டேன். நடுவில் எழுந்து போனாலும் பயணக் காசு உண்டு என்பதைத் தாளில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் காசு என்றால், விலகும் உரிமை பேச்சளவில்தான் இருக்கும்.

7. திருத்தம் கேட்டு வந்தால்

ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், மனம் தளர வேண்டாம். ஒரு அட்டவணை போடுங்கள்: குழுவின் கருத்து, உங்கள் பதில், மாற்றிய பக்கமும் வரியும். மாற்றிய இடத்தை நிறமிட்ட பிரதி ஒன்று, சுத்தப் பிரதி ஒன்று. ஒரு கருத்தை ஏற்கவில்லை என்றால் காரணத்தை மரியாதையாக எழுதுங்கள், குழு கேட்டுக்கொள்வதுண்டு. ஆங்கிலத்தில் மாற்றியதைச் சிங்களத்திலும் தமிழிலும் மாற்ற மறப்பதுதான் இரண்டாம் முறையும் கோப்புத் திரும்புவதற்குக் காரணம்.

8. களத்தில் சம்மதம் வாங்குதல்

குழு முத்திரையிட்ட அல்லது அனுமதித்த பதிப்பை மட்டும் பிரதி எடுங்கள். கணினியில் பழைய பதிப்புகளைத் தனி ஃபோல்டரில் ஒளித்து வைத்தால் தவறுதலாக அச்சாகாது.

தகவல் தாளை வாசித்து விளக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நாளில் இத்தனை பேர் என்று கணக்கிடும்போது இந்தப் பத்து நிமிடத்தைச் சேர்க்காததால்தான் கள உதவியாளர்கள் தாளை மடித்துக் கொடுத்துக் கையெழுத்தை மட்டும் வாங்குகிறார்கள். அது அவர்களுடைய பிழை அல்ல, உங்கள் அட்டவணையின் பிழை. முடிந்தால் தாளை முதல்நாள் கொடுத்துவிட்டு மறுநாள் வாருங்கள். வீட்டாரோடு பேசிப் பார்க்கும் நேரம் அவருக்குக் கிடைக்கும்.

வாசிக்கத் தெரியாதவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் பெருவிரல் அடையாளம் வாங்க வேண்டும். சாட்சியும் கையொப்பமிட வேண்டும். உங்கள் உதவியாளர் சாட்சியாக முடியாது. கையொப்பம் வைக்கவே பயப்படுகிறவர்கள் உண்டு, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், முன்பு தடுப்பில் இருந்தவர்கள் போல. அவர்களிடம் கையொப்பமே ஆபத்தாக இருக்கலாம். வாய்மொழிச் சம்மதத்துக்குக் குழுவிடம் முன்கூட்டியே காரணம் காட்டி அனுமதி கேளுங்கள். களத்தில் நின்றுகொண்டு நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள்.

மறுக்கும் ஆள் "வேண்டாம்" என்று சொல்வது குறைவு. "பிறகு பாப்பம்", "மகனிட்டக் கேக்கணும்", "இப்ப வேலை கிடக்கு" என்பார். இரண்டாம் முறையும் அப்படியே சொன்னால் அது மறுப்புத்தான். மூன்றாம் முறை போகாதீர்கள்.

இடம் முக்கியம். வனாத்தமுல்லையிலோ கிராண்ட்பாஸிலோ ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து கணவன் மனைவி உறவு பற்றிக் கேட்டால், திரைக்கு அப்பால் மாமியார் கேட்டுக்கொண்டிருப்பார். சனசமூக நிலையம், கிளினிக்கின் ஓர் அறை, கோயில் மண்டபத்தின் ஆளில்லாத மூலை என்று முதலே பார்த்து வையுங்கள். யாராவது உள்ளே வந்தால் மாறிப் பேச ஒரு சாதாரணக் கேள்வித் தாளும் கையில் இருக்கட்டும், சமையல், தண்ணீர், பிள்ளைகளின் தடுப்பூசி போல. குடும்ப வன்முறை பற்றிய ஆய்வென்றால் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேளுங்கள். தாள்களை அவரிடம் விட்டு வருவதும் ஆபத்து, வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள்.

9. கூடுதல் கவனம் வேண்டியவர்கள்

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் இணக்கமும் இரண்டும் வேண்டும். பிள்ளைக்கான தாள் தனியே, அதன் வயதுக்கேற்ற தமிழில். பெற்றோர் ஓம் என்று பிள்ளை தலையாட்டினால் மட்டும் தொடருங்கள். பெற்றோர் ஓம் என்று பிள்ளை வேண்டாம் என்றால் நிறுத்துங்கள்.

நீங்கள் படிப்பிக்கும் மாணவர், நீங்கள் மருந்தெழுதும் நோயாளி, உங்கள் கீழ் வேலை செய்பவர், இவர்களிடம் நீங்களே சம்மதம் கேட்கக் கூடாது. சேர் கேட்டால், டொக்டர் கேட்டால் மறுப்பது எங்கள் ஊரில் யாருக்கும் எளிதல்ல. சிகிச்சையோடும் புள்ளியோடும் சம்பந்தமில்லாத ஒருவரை அதற்கு வையுங்கள். யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் வெளியில் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் துஷ்பிரயோகத்தைச் சொன்னால், ஒருவர் உயிரை மாய்க்கப் போவதாகச் சொன்னால் நீங்கள் சும்மா இருக்க முடியாது. அந்த எல்லையைத் தாளிலேயே, பேச்சுத் தொடங்கும் முன் சொல்ல வேண்டும். உதவிக்கு அழைக்கும் தொலைபேசி எண்கள்: சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநலத்துக்கு 1926, அவசர அம்புலன்ஸுக்கு 1990. இந்த எண்களைச் சிறு துண்டில் மூன்று மொழியிலும் அடித்து, நீங்கள் யாரிடமெல்லாம் கேள்வி கேட்டீர்களோ அவர்கள் எல்லோருக்கும் கொடுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் கொடுத்தால் அதுவே அவரைக் காட்டிக்கொடுக்கும். எண் கொடுப்பதோடு நிற்காமல், பக்கத்தில் எந்த கிளினிக்கில் யாரிடம் அனுப்பலாம் என்று அவர்களோடு முன்னரே பேசி ஒழுங்கு செய்து வையுங்கள்.

குழுக் கலந்துரையாடலில் பக்கத்தில் இருக்கிறவர் வெளியில் போய்ச் சொல்ல மாட்டார் என்று உங்களால் உறுதி தர முடியாது. அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

10. பெயர், அடையாள அட்டை, ஒலிப்பதிவு

அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் எந்தப் படிவத்திலும் அது இருப்பதால் கை தானாக அந்தக் கட்டத்தை வரைகிறது. 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1987545 என்று தொடங்கினால் 1987 பெப்ரவரி 14 இல் பிறந்த பெண் என்று யாரும் கண்டுபிடிக்கலாம். பெயரை அழித்துவிட்டு அந்த எண்ணை வைத்திருந்தால் எதையும் மறைக்கவில்லை.

ஆளுக்கு ஒரு குறியீடு கொடுங்கள். பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் ஒரே ஒரு பிரதி, தனி இடத்தில், பூட்டி. சம்மதப் படிவங்களைக் கேள்விக்கொத்தோடு சேர்த்துக் குத்தி வைக்காதீர்கள். உடல்நலம், இனம், மதம், அரசியல் கருத்து, பிள்ளைகளின் தகவல் போன்றவற்றை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட வகைத் தரவாகப் பார்க்கிறது. கொழும்பில் கேட்கும் கேள்விக்கொத்தில் இவற்றில் ஒன்றாவது இல்லாமல் இருப்பது அரிது. தேவையில்லாத கேள்வியை எடுத்துவிடுங்கள்.

ஃபோனில் ரெக்கோர்ட் செய்தால் தானாக இணையச் சேமிப்புக் கணக்குக்கு (கிளவுட்) போகும் வசதியை முதலில் நிறுத்துங்கள். வட்ஸ்அப்பில் எழுத்தாக்குபவருக்கு அனுப்பாதீர்கள். எழுத்தாக்குபவரிடம் இரகசியக் காப்பு உறுதி எழுத்தில் வாங்குங்கள், அவர் அந்தப் பகுதி ஆள் அல்லாதவராக இருக்கட்டும். இலவச இணையச் சேவையில் ஒலியைப் போட்டு எழுத்தாக்கினால் அந்தக் குரல் எங்கே போய்த் தங்குகிறது என்பது உங்கள் கையில் இல்லை. குழுவிடம் சொல்லாமல் செய்யாதீர்கள். கூகுள் ஃபோமில் மின்னஞ்சல் சேகரிக்கும் தெரிவை அணையுங்கள். ஆளுக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் உள்நுழையச் சொல்லும், பெயர் தெரிந்துவிடுமோ என்று பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள்.

எழுதும்போதும் கவனம் வேண்டும். "கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றின் 54 வயதுத் தமிழ்ப் பெண் உப அதிபர்" என்று மேற்கோளின் கீழே போட்டால் அந்தத் தெருவே ஆளைக் கண்டுபிடிக்கும். "கொழும்பு, ஐம்பதுகளில், பாடசாலை நிர்வாகம்" போதும். சில நேரம் மேற்கோளையே விட்டுவிட வேண்டியிருக்கும். நல்ல மேற்கோள் போகிறதே என்று வருத்தமாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

11. அனுமதிக்குப் பின்

அனுமதி பொதுவாக ஒரு வருடத்துக்கு. முடியும் திகதிக்கு இரண்டு மாதம் முன்னரே நீடிப்புக்கு எழுதுங்கள். ஒரு கேள்வியைச் சேர்த்தாலும், இடத்தை மாற்றினாலும், ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும், உதவியாளர் மாறினாலும் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போட்டு, பதில் வந்த பிறகே செய்யுங்கள். கொப்பி தொலைந்தது, ஃபோன் களவு போனது, பேசும்போது ஒருவர் மயங்கி விழுந்தார் என்றால் உடனே எழுத்தில் அறிவியுங்கள். ஒளித்தால்தான் சிக்கல் பெரிதாகும்.

முடிந்ததும் குழுவுக்கு இறுதி அறிக்கை. பங்குபற்றியவர்களுக்கு ஒரு பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், என்ன கண்டோம் என்று எழுதி, கிளினிக்கின் அறிவித்தல் பலகையிலோ பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ ஒட்டுங்கள். முன்மொழிவில் இதற்கும் இரண்டு வாரமும் சிறு தொகையும் ஒதுக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருபோதும் நடக்காது. தரவை ஐந்து வருடம் வைத்திருப்பதாகத் தாளில் எழுதியிருந்தால், அந்த ஐந்தாம் வருடத்தின் திகதியை இன்றே ஃபோன் நாட்காட்டியில் போடுங்கள். அன்றைக்குப் பெயர்ப் பட்டியலைக் கிழித்து, ஒலிப்பதிவுகளைக் கணினியிலும் பென்டிரைவிலும் மேற்பார்வையாளரின் பிரதியிலும் அழித்து, அழித்த நாளைக் கோப்பில் குறித்துக் கையொப்பமிடுங்கள்.